எச்-ஸ்கோர் 191: பாதிக்கு மேல் மயக்க மருந்தின் பங்கு

எச்-ஸ்கோர் என்பது எச்எல்எச் என்ற கடும் அழற்சி நோய்க்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் மதிப்பெண். இந்த நிகழ்வு கற்பித்தலுக்காக அமைக்கப்பட்டது. தனி ஒருவரின் கோப்பு அல்ல. ஐசியுவில் அடிக்கடி எதிர்ப்படும் சில சிக்கல்களை ஒரே நோயாளியின் ஆறு நாட்களுக்குள் கோத்திருக்கிறோம். மருந்தளவுகளும் மதிப்பெண் விதிகளும் நடைமுறையில் உள்ளவையே.

முதல் மூன்று நாட்கள்

54 வயது ஆண். எடை 92 கிலோ, உயரம் 168 செ.மீ. மூன்று நாள் காய்ச்சலும் இருமலும் இருந்து மூச்சுத்திணறலோடு வருகிறார். வலது நுரையீரலின் கீழ்மடலில் தொடங்கிய நிமோனியா இரு பக்கமும் பரவியிருக்கிறது. இரத்தக் கல்ச்சரில் நிமோகாக்கஸ் வளர்கிறது. திசுக்களுக்கு இரத்தம் போதாததைக் காட்டும் லாக்டேட் 4.2, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 310 மி.கி./லிட்டர், பாக்டீரியாத் தொற்றைக் காட்டும் புரோகால்சிடோனின் 38, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.1. செஃப்ட்ரியாக்சோன் தினம் 2 கிராம், கூடவே அசித்ரோமைசின். இரத்த அழுத்தத்தை உயர்த்த நார்அட்ரினலின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம்.

மூச்சுக்குழலில் குழாய் பொருத்த மயக்க மருந்தான எட்டோமிடேட் 28 மி.கி. (கிலோவுக்கு 0.3), தசைகளைத் தளர்த்தும் ரோகுரோனியம் 110 மி.கி. அதன்பின் வலிக்கு ஃபென்டனில் மணிக்கு 50 மைக்ரோகிராம். மயக்கத்துக்குப் புரோபோஃபால் மணிக்குக் கிலோவுக்கு 3.5 மி.கி. பி/எஃப் விகிதம் (இரத்த ஆக்சிஜனுக்கும் கொடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்; குறைந்தால் நுரையீரல் மோசம்) 110 என்பதால் 16 மணி நேரம் வீதம் இருமுறை குப்புறப் படுக்க வைத்தார்கள். அதற்கு ராஸ் (மயக்க ஆழத்தின் அளவுகோல்; 0 என்றால் அமைதியான விழிப்பு) −4 அளவு ஆழ்ந்த மயக்கம் வேண்டும் என்று ஆர்டர் எழுதியது நியாயம்தான்.

பதினான்காம் மணி நேரத்தில் நார்அட்ரினலின் 0.35-க்கு ஏறியது. ஹைட்ரோகார்டிசோன் 50 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை தொடங்கப்பட்டது. இந்த ஏற்றத்துக்கு நிமோனியா மட்டும் காரணமா என்று கேட்க வேண்டிய இடம் இது. எட்டோமிடேட், அட்ரினல் சுரப்பியில் கார்டிசோல் உருவாவதன் கடைசிப் படியைச் செய்யும் 11-பீட்டா-ஹைட்ராக்சிலேஸ் நொதியைத் தடுக்கிறது. ஒரே ஒரு டோஸ் போதும். அந்தத் தடை ஒரு நாள் வரையோ, கடும் நோயில் அதற்கு மேலோ நீடிக்கும். உடல் தானே சுரக்கும் அழற்சித் தடுப்பு மருந்துதான் கார்டிசோல். இரத்த நாளங்கள் நார்அட்ரினலினுக்கு இணங்குவதும் அதனால்தான். 1983-இல் லெடிங்ஹாமும் வாட்டும் விபத்து நோயாளிகளில் எட்டோமிடேட் தொடர் செலுத்தலோடு இறப்பு கூடியதைச் சுட்டிக்காட்டிய பிறகு, தொடர் செலுத்தல் வழக்கொழிந்தது. ஒற்றை டோஸ் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 2009-இல் வெளியான கீட்டமின்–எட்டோமிடேட் ஒப்பீட்டுச் சோதனையில் எட்டோமிடேட் பிரிவில் அட்ரினல் குறைபாடு அதிகம் தெரிந்தது. ஆனால் உறுப்புச் செயலிழப்பு மதிப்பெண்ணில் பொருட்படுத்தும்படி வேறுபாடு இல்லை. எங்கள் கருத்து: செப்டிக் ஷாக்கில் (தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்த நிலையில்) எட்டோமிடேட் கொடுத்ததைக் குற்றமாக எழுத வேண்டியதில்லை. கொடுத்த நேரத்தைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதாமல் விடுவதுதான் குற்றம். அடுத்த நாள் வேறொருவர் கார்டிசோல் அளந்து பார்த்துவிட்டு, நோயாளிக்கு அட்ரினல் நோய் என்று முடிவுகட்டிவிடுவார்.

மூன்றாம் நாள் காலை பி/எஃப் 230. குப்புறப் படுக்கை நிறுத்தப்பட்டது. நார்அட்ரினலின் 0.08. ஆனால் ராஸ் −4 ஆர்டரை யாரும் மாற்றவில்லை. புரோபோஃபால் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிகழ்வின் முடிச்சு விழுந்தது இங்கேதான்.

நான்காம் நாள்

காலை 6 மணிக்கு இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு முதன்முறையாக அளக்கப்பட்டது: 434 மி.கி./டெ.லி. அதாவது 4.9 மில்லிமோல். மருந்து தொடங்குமுன் எடுத்த அளவு கோப்பில் இல்லை. புரோபோஃபாலை 1.5-க்குக் குறைத்து டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இன்னொரு மயக்க மருந்தைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் கூட்டிக் கொடுக்கும் லோடிங் டோஸ் இல்லை. மணிக்குக் கிலோவுக்கு 0.7 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 10 மணிக்குள் 1.2-க்கு உயர்த்தினார்கள். நண்பகலில் உடல் வெப்பம் 38.3. பிற்பகல் 3 மணிக்கு 39.6. ஹைட்ரோகார்டிசோன் ஓடும்போதே இவ்வளவு காய்ச்சல்.

ஹீமோகுளோபின் 8.8, தட்டணு 96,000, வெள்ளணு 11,400, கல்லீரல் நொதி ஏஎஸ்டி 88, இரும்பைச் சேமிக்கும் புரதம் ஃபெரிட்டின் 2,600, இரத்த உறைவுப் புரதம் ஃபைப்ரினோஜன் 4.8 கிராம்/லிட்டர். ஸ்கேனில் மண்ணீரல், கல்லீரல் வீக்கம் இல்லை.

காய்ச்சல், இரு வகை அணுக்களின் குறைவு, ஃபெரிட்டின், டிரைகிளிசரைடு. இந்த நான்கும் சேர்ந்தால் எச்எல்எச் நினைவுக்கு வராமல் போகாது. நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி, சொந்த இரத்த அணுக்களையே விழுங்கும் நிலை அது. 2014-இல் வெளியான எச்-ஸ்கோரைப் போட்டுப் பார்த்தார்கள். வெப்பம் 39.4-க்கு மேல்: 49. டிரைகிளிசரைடு 4 மில்லிமோலுக்கு மேல்: 64. ஃபெரிட்டின் 2,000 முதல் 6,000: 35. இரு வகை அணுக்குறைவு: 24. ஏஎஸ்டி 30-க்கு மேல்: 19. உறுப்பு வீக்கம், ஃபைப்ரினோஜன் இரண்டுக்கும் சுழியம். எலும்பு மஜ்ஜை எடுக்கவில்லை. மொத்தம் 191. வழக்கமான வெட்டுப்புள்ளி 169; அதைத் தாண்டினால் எச்எல்எச் என்று சந்தேகிப்பார்கள்.

நோயெதிர்ப்புக் குறைவு என்ற வரிக்கும் 18 சேர்த்து 209 என்று முதலில் எழுதியிருந்தார்கள், ஹைட்ரோகார்டிசோன் ஓடுகிறதே என்று. அந்த வரி எச்ஐவிக்கும் நீண்டகால நோயெதிர்ப்புத் தடுப்பு மருந்துகளுக்கும் உரியது. மூன்று நாள் ஸ்டீராய்டு அதில் வராது.

மாலை 4 மணிக்குப் பேச்சில் இருந்தவை: அதிக அளவு டெக்ஸாமெத்தசோன், மஜ்ஜைப் பரிசோதனை, கூடவே ஆன்டிபயாடிக்கை இன்னும் பரந்த வீச்சுள்ள மெரோபெனெமுக்கு மாற்றுவது.

191-ஐப் பிரித்துப் பார்த்தால்

முதலில் 64. புரோபோஃபால் 1 சதவீதம் என்பது ஒரு மி.லி.யில் 10 மி.கி. மருந்தும் 100 மி.கி. சோயா எண்ணெயும் கொண்ட குழம்பு. 92 கிலோவுக்கு 3.5 மி.கி. என்றால் மணிக்கு 32 மி.லி., நாளுக்குச் சுமார் 770 மி.லி. நாளொன்றுக்கு 77 கிராம் கொழுப்பு நேராக இரத்தத்தில். மி.லி.க்கு 1.1 கிலோகலோரி என்பதால் சுமார் 850 கிலோகலோரி. மூக்குக் குழாய் உணவு இதைக் கழிக்காமல் முழு அளவில் போய்க்கொண்டிருந்தது. கொழுப்பை வெட்டிக் கரைக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் ஆல்ஃபாவின் கீழ் மந்தமாகும். எனவே செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) தானாகவே டிரைகிளிசரைடைக் கொஞ்சம் உயர்த்தும். கழிவுக் குழாய் பாதி அடைத்திருக்கும்போது குழாயைத் திறந்துவிட்ட கதை. தொடக்க அளவு இருந்திருந்தால் எவ்வளவு நோயால், எவ்வளவு மருந்தால் என்று சொல்லியிருக்கலாம்.

இந்த அளவை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் முக்கியம். புரோபோஃபால் ஓடும் குழாயின் இன்னொரு உள்வழியிலிருந்தோ (லூமன்) அதே கையிலிருந்தோ எடுத்தால் எண் பொய்யாக ஏறும். தமனிக் குழாயிலிருந்து எடுக்க வேண்டும். இங்கே அப்படித்தான் எடுத்திருந்தார்கள். சீரம் பால்போல் இருந்தால் ஹீமோகுளோபின் கலங்கலால் கூடுதலாகத் தெரியும். மறைமுக முறையில் அளக்கும் சோடியம் குறைவாகத் தெரியும். சோடியத்தை இரத்த வாயுக் கருவியில் ஒத்துப்பார்க்க வேண்டும்.

புரோபோஃபால் இன்ஃப்யூஷன் சிண்ட்ரோமும் (அந்த மருந்தால் தசையும் இதயமும் பழுதாகும் நிலை) டிரைகிளிசரைடை உயர்த்தும். மணிக்குக் கிலோவுக்கு 4 மி.கி.க்கு மேல், 48 மணி நேரத்துக்கு மேல் என்பது அதன் பழகிய எல்லை. அதற்குக் கீழும் வந்ததுண்டு. தசைச் சிதைவைக் காட்டும் சிகே 310, லாக்டேட் 1.4, பைகார்பனேட் 23, இசிஜி மாறவில்லை. அது இல்லை.

அடுத்து 49. டெக்ஸ்மெடிடோமிடின் காய்ச்சலைக் கொண்டுவரும் என்பது மருந்துக் குறிப்பில் உள்ளதுதான், ஆனாலும் படுக்கையருகில் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் தொடங்கிய முதல் அரை நாளுக்குள் வரும். உடற்பருமன் உள்ளவர்களிடமும் இதய அறுவைக்குப் பின்னும் அதிகம் பதிவாகியிருக்கிறது. நோயாளியின் பிஎம்ஐ 32.6. காய்ச்சல் வந்தது ஒன்பதாம் மணி நேரத்தில். பாரசிட்டமாலுக்கு அது சரியாக மசியாது.

காய்ச்சலின்போது நாடித்துடிப்பு 62. ஒரு டிகிரிக்குச் சுமார் 10 துடிப்பு கூட வேண்டுமே, கூடவில்லை, ஆகவே மருந்துக் காய்ச்சல் என்று ஒருவர் வாதிட்டார். ஈர்ப்பான வாதம், ஆனால் செல்லாது. இந்த மருந்து நாடியை வேகப்படுத்தும் பரிவு நரம்புகளை அடக்குவதால், உண்மையான செப்சிஸ் காய்ச்சலிலும் நாடி ஏறாமல் இருக்கலாம். அறிகுறியை மறைக்கும் மருந்தையே அறிகுறிக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

ஆக 191-இல் 113 மதிப்பெண்கள், நூற்றுக்கு 59, செடேஷன் (மயக்கத்தில் வைக்கும்) மருந்துகளின் கை பட்ட இரு வரிகளிலிருந்து வந்தவை. மீதி 78. ஹீமோகுளோபின் குறைவதற்குத் திரவமும் அடிக்கடி இரத்தம் எடுப்பதுமே போதும். தட்டணு குறைய நிமோகாக்கஸ் போதும். ஃபெரிட்டின் 2,600 கடும் செப்சிஸில் அரிதல்ல. பழைய எச்எல்எச்-2004 அளவுகோலில் எட்டில் நான்குதான் பொருந்துகிறது, ஐந்து வேண்டும். அந்த நான்கிலும் இரண்டு இதே காய்ச்சலும் கொழுப்பும்.

எண்கள் மட்டுமா மாறுகின்றன, அழற்சியுமா?

இரண்டும்தான். நோயெதிர்ப்பு அணுக்களில் இந்த மருந்துகளுக்கு நேரடி இலக்குகள் உண்டு.

மிடாசோலம் என்ற மயக்க மருந்து, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களின் மைட்டோகாண்ட்ரியா உறையில் உள்ள டிஎஸ்பிஓ புரதத்தில் ஒட்டுகிறது. மூளையில் இந்த மருந்து வேலை செய்யும் காபா ஏற்பிகள் டி அணுக்களிலும் மேக்ரோஃபேஜ்களிலும் உள்ளன. ஆய்வகத்தில் பாக்டீரியா நச்சால் தூண்டிய அணுக்களில் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 என்ற இரு சைட்டோகைன்களையும் (அழற்சிச் செய்திப் புரதங்கள்) மிடாசோலம் குறைக்கிறது. புரோபோஃபால் ஒரு ஃபீனால். வைட்டமின் ஈ போலக் கட்டற்ற மூலக்கூறுகளைத் துடைக்கும் அமைப்பு. நியூட்ரோஃபில்களின் நகர்வையும் விழுங்கும் திறனையும் ஆக்சிஜன் வெடிப்பையும் மட்டுப்படுத்துகிறது. தயோபென்டால் டி அணுக்களில் அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பியைத் தடுக்கிறது. மூளை அழுத்தத்துக்காக நாட்கணக்கில் பார்பிச்சுரேட் கோமாவில் வைத்தவர்களிடம் நிமோனியாவும் வெள்ளணுக் குறைவும் பழகிய தொல்லைகள். கீட்டமின் இதய அறுவைக்குப் பிறகான இன்டர்லூகின்-6 உயர்வைத் தணிக்கிறது. மார்ஃபினும் ஃபென்டனிலும் இயற்கைக் கொல்லி அணுக்களின் வேலையைக் குறைக்கக்கூடியவை. வலி நிவாரணி என்பதால் இவற்றைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

டெக்ஸ்மெடிடோமிடின் போகும் பாதை வேறு. மூளைத்தண்டில் ஆல்ஃபா-2 ஏற்பியைத் தூண்டிப் பரிவு நரம்பைத் தணித்து, வேகஸ் நரம்பின் பக்கம் தராசைச் சாய்க்கிறது. வேகஸ் நரம்பைத் தூண்டினால் நச்சு கொடுத்த விலங்கில் டிஎன்எஃப் குறைகிறது என்று 2000-இல் கெவின் டிரேசியின் குழு காட்டியதிலிருந்து, இந்த மருந்து செப்சிஸைத் தணிக்கும் என்ற நம்பிக்கை வலுத்தது.

ஆய்வகத் தட்டிலிருந்து படுக்கைக்கு வரும் வழியில் மூன்று இடங்களில் இந்த நம்பிக்கை சறுக்குகிறது. முதலாவது செறிவு. செடேஷனில் புரோபோஃபால் இரத்தத்தில் மி.லி.க்குச் சில மைக்ரோகிராம் இருக்கும். அதிலும் 97 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும். புரதமே இல்லாத தட்டில் அதைவிடப் பல மடங்கு ஊற்றிப் பார்த்த முடிவை ஐசியுவுக்குக் கொண்டுவர முடியாது. இரண்டாவது கரைப்பான்: சோயாக் குழம்புக்கே நோயெதிர்ப்பில் விளைவு உண்டு, மருந்தில்லாக் குழம்பை ஒப்பீட்டுக்கு வைக்காத சோதனை பாதிச் சோதனைதான். மூன்றாவது, நாம் தொடாமல் போவது: ஐந்தாம் நாள் நோயாளிக்கு டிஎன்எஃப் குறைவது நல்லதா? முதல் நாள் புயலில் நல்லதாக இருக்கலாம். மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் கிருமியை மற்ற அணுக்களுக்குக் காட்டப் பயன்படுத்தும் எச்எல்ஏ-டிஆர் புரதம் வீழ்ந்து நோயெதிர்ப்பே சோர்ந்துபோகும் இரண்டாம் கட்டத்தில் அதே குறைவு அடுத்த கிருமிக்குக் கதவு திறப்பதாகிவிடும்.

பெரிய சோதனைகள் என்ன சொல்லின? 2019-இன் ஸ்பைஸ்-3 சுமார் 4,000 பேரில் டெக்ஸ்மெடிடோமிடினை வழக்கமான செடேஷனோடு ஒப்பிட்டது: 90 நாள் இறப்பு இரு பக்கமும் 29.1 சதவீதம். 2021-இன் மென்ட்ஸ்-2, செப்சிஸ் நோயாளிகளையே தேர்ந்தெடுத்து புரோபோஃபாலோடு மோதவிட்டது. குழப்பமும் கோமாவும் இல்லாத நாட்களில் வேறுபாடில்லை, 90 நாள் இறப்பு 38-க்கு 39. சைட்டோகைனில் தெரிந்த மாற்றம் உயிர்பிழைப்பாக மாறவில்லை. அதோடு ஸ்பைஸ்-3-இல் வயது குறைந்தவர்களிடம் இறப்பு கூடும் போக்கு தெரிந்ததால், 65 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் எச்சரிக்கையோடு எடைபோடச் சொல்லி 2022-இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்தது. நம் நோயாளிக்கு வயது 54.

அழற்சியைக் குறைக்கும் என்பதற்காக ஒரு செடேஷன் மருந்தைத் தேர்ந்தெடுக்க இன்று ஆதாரம் இல்லை என்பதே எங்கள் வாசிப்பு. எந்த மருந்து என்பதைவிட எவ்வளவு ஆழம், எத்தனை நாள் என்பது நோயெதிர்ப்புக்கு அதிகம் செய்கிறது. காரணம் மூலக்கூறு மட்டத்தில் இல்லை. ராஸ் −4-இல் இருமல் இல்லை, சளியைத் தள்ளும் இழைகள் மந்தம், இரைப்பை காலியாவதில்லை, குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பை (கஃப்) மேல் தேங்கிய எச்சில் கீழே கசிகிறது. 48 மணி நேரம் தாண்டினால் வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு வழி. எந்த இன்டர்லூகினும் தேவையில்லை.

அன்று மாலை எடுத்த முடிவு

மருந்துக் காய்ச்சல் என்பது மற்றவற்றை விலக்கிய பின் வைக்கும் பெயர். எனவே 4:30-க்கு இரண்டு இடங்களிலிருந்து இரத்தக் கல்ச்சர், மூச்சுக்குழல் சளிக் கல்ச்சர், மார்பு எக்ஸ்ரே, மையச் சிரைக் குழாய் நுழைவிடப் பார்வை. புரோபோஃபால் செட் எப்போது மாற்றப்பட்டது என்றும் பார்த்தார்கள். கொழுப்புக் குழம்பில் பாக்டீரியா நன்றாக வளரும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அசுத்தமான புரோபோஃபாலால் தொற்றுகள் கொத்துக் கொத்தாக வந்தபின்தான் அங்கே கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் இடிடிஏ 1996-இல் சேர்க்கப்பட்டது. அப்படியும் குப்பியும் குழாயும் 12 மணிக்கு ஒருமுறை மாற வேண்டும். இங்கே 11 மணி நேரமாக ஓடிய செட், கழற்றி எறியப்பட்டது.

புரோகால்சிடோனின் வரிசை 38, 21, 11, 6. அதன் அரை ஆயுள் சுமார் ஒரு நாள். நாளுக்குப் பாதியாகக் குறைந்தால் புதிய தூண்டுதல் இல்லை என்று பொருள். சிஆர்பி 310-இலிருந்து 165-க்கு இறங்கியிருந்தது, ஆனால் ஹைட்ரோகார்டிசோன் ஓடும்போது சிஆர்பி இறங்குவதற்கு அதிக மதிப்புத் தர வேண்டாம்; ஸ்டீராய்டு அதை நேரடியாகவே இறக்கும். எச்எல்எச்சில் ஃபைப்ரினோஜன் குறையும் என்பதால் 4.8 என்பது அதற்கு எதிரான வலுவான சான்று. நார்அட்ரினலின் 0.04-இல் அசையாமல் நின்றது. எக்ஸ்ரேயில் புதிய நிழல் இல்லை.

5:30-க்கு டெக்ஸ்மெடிடோமிடின் நிறுத்தப்பட்டது. மெரோபெனெம் தொடங்கவில்லை, நார்அட்ரினலின் ஏறினாலோ வெப்பம் 12 மணி நேரத்தில் இறங்காவிட்டாலோ அப்போதே தொடங்குவது என்று எழுதிவைத்தார்கள். நோயாளி ஷாக்கில் இருந்திருந்தால் இந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை. மஜ்ஜைப் பரிசோதனையும் டெக்ஸாமெத்தசோனும் மறுநாள் கணக்குக்கு ஒத்திவைக்கப்பட்டன.

அதே நேரத்தில் புரோபோஃபாலும் முழுமையாக நிறுத்தப்பட்டது. மிடாசோலத்துக்கு மாறலாமா? கிரியாட்டினின் 2.1-இல் அதன் வினைப்பொருள் தேங்கி, விழிக்க இரண்டு நாள் கூடுதலாகும். வலிதான் முதல் எதிரி என்று வைத்து, பேச முடியாதவரின் வலியை அளக்கும் சிபிஓடி மதிப்பெண் 3-க்குக் கீழ் நிற்கும் அளவுக்கு ஃபென்டனில். தேவைப்பட்டால் கீட்டமின் மணிக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி. ஆர்டர் தாளில் ராஸ் இலக்கு −1 முதல் 0 என்று மாற்றி எழுதப்பட்டது.

பிறகு

இரவு 9 மணிக்கு 38.6. அதிகாலை 2 மணிக்கு 37.7. டெக்ஸ்மெடிடோமிடினின் அரை ஆயுள் இரண்டு மூன்று மணி நேரம் என்பதோடு இது பொருந்துகிறது. ஆறாம் நாள் டிரைகிளிசரைடு 118 மி.கி., அதாவது 1.3 மில்லிமோல், 1.5-க்குக் கீழ் என்பதால் மதிப்பெண் சுழியம். வெப்பத்துக்கும் சுழியம். ஃபெரிட்டின் 1,700-க்கு இறங்கி அந்த வரியும் போனது. தட்டணு 1,28,000, ஒரே வகை அணுக்குறைவுக்கு மதிப்பெண் கிடையாது. மிச்சம் ஏஎஸ்டிக்கான 19 மட்டும். கல்ச்சர்கள் 48 மணி நேரத்தில் எதுவும் வளரவில்லை. ஐந்தாம் நாள் காலை கண் திறந்து சொன்னதைச் செய்தார். ஆறாம் நாள் அரை மணி நேரம் தானே மூச்சுவிடும் சோதனையில் தேறிக் குழாய் எடுக்கப்பட்டது. செஃப்ட்ரியாக்சோன் ஏழு நாளில் முடிந்தது.

இதே வழியில் போகும் அடுத்த நோயாளிக்கு நாங்கள் மாற்றியிருப்பவை சில. புரோபோஃபால் தொடங்குமுன் ஒரு டிரைகிளிசரைடு, பிறகு 48 மணிக்கு ஒருமுறை. 400 தாண்டினால் வேகத்தைக் குறைப்பதும், 500 தாண்டினால் மருந்தை மாற்றுவதும். உணவுக் கலோரியிலிருந்து புரோபோஃபால் கலோரியைக் கழித்த எண் தினமும் காலைச் சுற்றில் சொல்லப்படும். ஆழ்ந்த செடேஷன் ஆர்டருக்கு 24 மணி நேரக் காலாவதி. காரணத்தோடு புதுப்பிக்காவிட்டால் ராஸ் இலக்கு தானே −2 முதல் +1-க்குத் திரும்பும். எச்-ஸ்கோர் போடும் தாளில், வெப்பம், டிரைகிளிசரைடு வரிகளுக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் ஓடும் செடேஷன் மருந்தும் தொடங்கிய மணியும் எழுதும் கட்டம்.

டிஸ்சார்ஜ் குறிப்பில் மருந்து எதிர்விளைவு என்ற இடத்தில் எழுதியது: "டெக்ஸ்மெடிடோமிடின், மணிக்குக் கிலோவுக்கு 1.2 மைக்ரோகிராம் வரை, ஒன்பதாம் மணி நேரத்தில் 39.6 காய்ச்சல், நிறுத்தியபின் எட்டரை மணி நேரத்தில் 37.7. ஒவ்வாமை அல்ல. எட்டோமிடேட் ஒரு டோஸ், முதல் நாள்."